வோல்க்மார் போடாத சீட்டு

காஸல் நகரில் டிராம் ஓட்டும் வோல்க்மார் நிறுத்தத்துக்குப் பிந்திப் போனதே இல்லை. வியாழக்கிழமைகளில் நண்பர்களோடு ஆடும், பொருள் சேர்த்து நகரம் கட்டும் பலகை விளையாட்டில்தான் பிந்துவான். வலுவான சீட்டு கிடைத்தால், இதைவிட நல்ல சமயம் வரட்டும் என்று கையிலேயே வைத்திருப்பான்.

அன்று மேசைத் தோழி கெஸீனாவோடு கடைசி ஆட்டம். மறுநாள் அவள் மகளோடு இருக்க ரோஸ்டாக்குக்குக் குடிபோகிறாள். இத்தனை வருடத்தில் அவளை அவன் ஜெயித்ததில்லை. இன்றாவது ஜெயித்துவிட வேண்டும்.

ஆரம்பத்திலேயே அவனுக்கு ஏகபோகச் சீட்டு வந்தது. அதைப் போட்டு ஒரு பொருளின் பெயரைச் சொன்னால், மற்றவர்கள் அந்தப் பொருளை மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். கெஸீனா கையில் நகரம் கட்டத் தேவையான தாதுச் சீட்டுகள் சேர்ந்துகொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று இருந்தான்.

"கையில என்னத்தப்பா அடைகாக்குற?" என்றான் எதிரே இருந்த ஹென்னிங். "குஞ்சு பொரிச்சா சொல்லு."

"உன் ஆட்டத்தைப் பாரு."

கெஸீனா பகடையை உருட்டினாள். அவளுக்கே தாது விழுந்தது. எல்லாத் தாதுவையும் இறக்கிக் கடைசி நகரத்தைக் கட்டி ஆட்டத்தை முடித்துவிட்டாள்.

போடாத சீட்டுகளைத் திருப்பிக் காட்டுவது அந்த மேசையின் வழக்கம். வோல்க்மாரும் திருப்பினான்.

"இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள் கெஸீனா.

"ஆரம்பத்துலயே."

"போன சுத்துல போட்டிருந்தா நான் காலி."

"உங்கிட்ட இன்னும் சேரட்டும்னு பாத்தேன்."

"சேந்துச்சுல்ல," என்றாள் கெஸீனா. அவள் சிரிக்கவில்லை.

நிறுத்தம்வரை வோல்க்மார் அவள்கூட நடந்தான். அவளுடைய டிராம் சரியான நேரத்துக்கு வந்து நின்றது.