பரிசீலனையில் இருந்த மேம்பாலம்

அரியலூருக்குப் போகும் வழியில், ரயில்வே கேட்டை ஒட்டி என் தையல் கடை. சிமெண்ட் ஏற்றிய கூட்ஸ் வந்தால் கேட் மூடிவிடும். எப்போது திறக்கும் என்று கேட்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது. என் கணவருக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளெல்லாம் அந்தக் கேட்டில், ஆட்டோவுக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பார். மேம்பாலம் வேண்டும் என்று எம்.பி. ஆபீசுக்கு நானே போய்க் கேட்டேன். அவரும் மக்களவையில் கேள்வி கொடுத்தார்.

தைக்கும்போது மற்றவர்கள் சீரியல் போடுவார்கள், நான் மக்களவை போடுவேன். எங்கள் கேள்வி வந்த அன்று, கேள்விகளை வரிசைப்படுத்தப் போடும் குலுக்கலில் அதற்குக் கிடைத்த இடம் பட்டியலின் கடைசிப் பக்கம். நடுவிலேயே கூச்சல், ஒத்திவைப்பு. எம்.பி. எழுந்திருக்கவே இல்லை.

"உங்க எம்.பி. வாயே தொறக்கல அண்ணி," என்றார் பெரம்பலூரில் செல்போன் கடை வைத்திருக்கும் என் கொழுந்தனார்.

"முறை வராத கேள்விக்கும் எழுத்துல பதில் உண்டுங்க," என்றேன்.

பதிலை எம்.பி. ஆபீசில் போனுக்கு அனுப்பினார்கள். கோரிக்கை பரிசீலனையில் உள்ளதாம். கொழுந்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப ஊத்திக்கிச்சுன்னு அர்த்தம்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. தாலுகா ஆபீசில் வேண்டுமானால் அதுதான் அர்த்தம். மக்களவையில் அமைச்சர் அப்படிச் சொன்னால் அதை உறுதிமொழியாகவே எடுத்துக்கொள்வது வழக்கம். என்ன ஆயிற்று என்று விடாமல் கேட்க உறுப்பினர்கள் குழு ஒன்றே இருக்கிறது. சொன்னதை முடிக்க முடியாவிட்டால் அமைச்சகம் அந்தக் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும்.

அவகாசம் கேட்டார்கள். மறுபடியும் கேட்டார்கள். "பாலத்துல டிராபிக் ஜாஸ்தியா அண்ணி?" என்பார் கொழுந்தனார். "மொத வண்டி உங்க அண்ணன் போற ஆட்டோதான், பாத்துட்டே இருங்க," என்பேன்.

போன மாதம் பாலத்துக்கு அளவெடுக்க வந்தார்கள். கேட்டிலிருந்து இழுத்த டேப் என் கடைக்குள் நுழைந்து, மெஷினையும் தாண்டிப் போனது. பெயிண்ட் டப்பாவோடு நின்ற பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கடை போயிடும்க்கா."

கொழுந்தனார் அன்று சிரிக்கவில்லை. "பாலம் வேணாம்னு எழுதிக் குடுத்துடலாம் அண்ணி," என்றார். அந்தக் கடையால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

வெளியே கேட் மூடியிருந்தது. ஆட்டோவில் என் கணவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"செவுத்துல நல்லா பெருசா குறி போடுங்க தம்பி," என்று பெயிண்ட் டப்பா பையனிடம் சொல்லிவிட்டு, ஆட்டோவில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.