அண்ணாச்சி வீட்டுப் புதன்கிழமை

கரோல் பாக்கில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருப்பவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். திருநெல்வேலிக்காரர். கீழே ஃபேன், கூலர் விற்கும் பஞ்சாபி வீட்டுக்காரருக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. மரியாதை குறைந்துவிடக் கூடாதே என்று 'அண்ணாச்சிஜி' என்பார். அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்று அழைப்பேன். நான் திருச்சிப் பக்கம். எங்களுக்கு அண்ணி என்றுதான் வரும். ஆனால் நான் இரண்டாம் மாடிக்குக் குடிவந்த புதிதிலேயே, "அண்ணின்னா யாரையோ கூப்பிடுத மாதிரி இருக்கு, மதினின்னே சொல்லுங்க" என்று அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதிக் கொடுத்த ஆங்கிலக் குறிப்பில் மேலதிகாரிகள் ஒரு கமாவைக்கூட நகர்த்தமாட்டார்களாம். ஹிந்தியிலும் கெட்டிக்காரர். சப்ஜிவாலாவோடு பஞ்சாபியில் சண்டை போட்டுக் கொத்தமல்லியை இனாமாக வாங்கிக்கொண்டு, மாடியேறும்போது அதில் பாதியை என் கதவுப்பிடியில் செருகிவிட்டுப் போவார்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடி முன்னாலேயே சரிந்து விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சும் போயிருந்தது. பிறகு பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பியது. ஆனால் தமிழ் மட்டும்தான் திரும்பியது. ஹிந்தியும் ஆங்கிலமும் எங்கே போயினவோ, கேட்டால் வெறித்துப் பார்த்தார். வந்த தமிழும் தில்லியில் நாங்கள் பேசும் கலவைத் தமிழல்ல. தாமிரபரணிக் கரையில் டவுசர் போட்ட வயதில் பேசிய தமிழ். சில பேருக்கு இப்படி ஒரு மொழி முந்தி வரும், மற்றவை பின்னால் வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

அவருடைய ஒரே மகள் குருகிராமில் வேலை பார்க்கிறாள். தில்லியில் பிறந்து வளர்ந்தவள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, அப்பா என்ன பேசறார்னு எனக்கு பாதிதான் சமஜ் ஆகுது. என் அப்பாதானே? எனக்கே புரியலேன்னா எப்படி?" என்று அழுதாள்.

மதினிக்கோ ஹிந்தி கடைத்தெரு அளவுக்குத்தான் வரும். அப்படித்தான் நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். நானும் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவள். மாடி ஒன்று ஏறினால் போதும்.

உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. எங்கள் பேட்டையின் முதியோர் சங்கத்தை ஒரு சர்தார்ஜி நடத்துகிறார், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்லி, சங்கத்துச் சமையலறையிலிருந்து மத்தியானச் சாப்பாடு வந்தது. அரசு மருந்தகத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து பார்த்தார். பிசியோதெரபி செய்ய ஒரு கல்லூரியிலிருந்து ஹரியானாக்காரப் பிள்ளை ஒருவர் வந்தார். பயில்வான் உடம்பு, குழந்தைச் சிரிப்பு. எல்லோருமே நல்லவர்கள். ஆனால் ஒருவர் வந்து போவது இன்னொருவருக்குத் தெரியாது.

டாக்டரம்மா கொடுத்த மாத்திரை ஒன்று அண்ணாச்சியைத் தூங்க வைக்கும். அது இறங்கி வேலை செய்யும் நேரத்தில் பிசியோதெரபிஸ்ட் வந்து நிற்பார். "காலு தூக்கோ, அண்ணாச்சிஜி!" என்று நான் கற்றுக்கொடுத்த தமிழில் உற்சாகமாகக் கத்துவார். அண்ணாச்சி கொட்டாவி விடுவார். "இவருக்கு மனசே இல்லை ஆன்ட்டிஜி" என்று அந்தப் பிள்ளை என்னிடம் வருத்தப்படுவார். சங்கத்திலிருந்து வரும் ராஜ்மாவும் சோறும் அண்ணாச்சியின் தொண்டையில் இறங்காது. மசித்துத்தான் கொடுக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சமையலறைக்கு யார் சொல்வார்கள்? மதினி அதை வாங்கி வைத்துவிட்டுத் தனியாகக் கஞ்சி காய்ச்சுவார்.

"வேணாம்னு சொல்லிடலாமே மதினி?"

"நல்ல மனசோட கொண்டு வாராவ. மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்ல முடியுமா?"

இரவு பகலாக அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் மதினி. வருகிறவர்களுக்கெல்லாம் காபியும் போடுவார். ஃபில்டர் காபியைக் குடித்துவிட்டு எல்லோரும் அண்ணாச்சியைப் பற்றி விசாரிப்பார்கள்.

ஒருநாள் படிக்கட்டில் சர்தார்ஜியைப் பிடித்து, ராஜ்மா விஷயத்தை நானே சொல்லிவிட்டேன். மனிதர் பதறிப்போனார். மாத்திரை விஷயத்தையும் சொன்னேன். மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தவர், "நாம் எல்லோரும் ஒரே வீட்டுக்குத்தானே வருகிறோம்? ஒரே நாளில் வந்து உட்கார்ந்து பேசினால் என்ன?" என்றார். டாக்டரம்மாவிடம் பேசினார், பிசியோதெரபிஸ்ட்டை அனுப்பும் கல்லூரியிலும் பேசினார். புதன்கிழமை மாலை, அண்ணாச்சியின் வீட்டிலேயே என்று முடிவாயிற்று. "நோயாளிக்குப் பின்னால் அவரைப் பற்றிப் பேச வேண்டாம். அவர் எதிரிலேயே பேசுவோம்" என்றார் சர்தார்ஜி.

முதல் புதன்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஹோலி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயம். நாற்காலி போதாமல் என் வீட்டுப் பிரம்பு மோடாக்களை மேலே கொண்டுபோனேன். கட்டிலில் தலையணையை அண்டக் கொடுத்து அண்ணாச்சியை உட்கார வைத்திருந்தோம். அலுவலகக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவர் போல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

பிசியோதெரபிஸ்ட் முதலில் ஆரம்பித்தார். "பயிற்சிக்கு இவர் ஒத்துழைக்கிறதே இல்லை மேடம்."

"எத்தனை மணிக்கு வருகிறாய்?" என்று கேட்டார் டாக்டரம்மா. அந்தப் பிள்ளை நேரத்தைச் சொன்னதும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அரே பாப்ரே! அது நான் தூங்கச் சொல்லிக் கொடுத்த நேரம்!"

எல்லோரும் சிரித்தோம். நான் தமிழில் எடுத்துச் சொன்னதும் அண்ணாச்சியும் வாய் கோணச் சிரித்தார். மாத்திரையை இரவுக்கு மாற்றுவதென்று ஆயிற்று. சாப்பாட்டை இனி மசித்து, காரமில்லாமல் அனுப்புவதாகச் சர்தார்ஜி சொன்னார். இவ்வளவு நாள் இழுத்த சிக்கல் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் அவிழ்ந்தது.

அப்போதுதான் அண்ணாச்சி, "அவ... அவள... பாரு" என்றார்.

அது புதிதல்ல. எந்தப் பயிற்சியின் நடுவிலும், டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப் வைக்கும்போதும், இதைச் சொல்வார். மனைவியைத் தேடுகிறார் என்று நாங்கள் நினைப்போம். மதினியும் உடனே அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "இந்தா இருக்கேன், என்ன வேணும்?" என்பார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அன்றும் மதினி ஓடிவந்தார். "இங்கதானே இருக்கேன்?"

அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. இடது கையால் கட்டிலில் அடித்தார். "உன்னக் கூப்பிடலட்டி!" முழு வாக்கியம் வந்ததில் எல்லோரும் திகைத்தோம். பிறகு என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "டாக்டர... அவளப் பாக்கச் சொல்லு. காலு. அவ காலு" என்றார். கை மதினியின் பாதத்தைக் காட்டியது.

"என்ன சொல்கிறார்?" என்றார் டாக்டரம்மா.

"என்னைப் பார்த்தது போதும், அவளைப் பாருங்கள் என்கிறார். அவள் காலைப் பார்க்கச் சொல்கிறார்."

மதினி காலில் கம்பளிக் காலுறை போட்டிருந்தார். தில்லிக் குளிரில் புடவைக்குக் கீழே காலுறை போடாத பெண் யார்? நானும் போடுவேன். ஆனால் குளிர் போயிருந்தது. நான் கழற்றி மடித்து வைத்துவிட்டேன். மதினி இன்னும் போட்டிருந்ததை அன்றுவரை நான் கவனிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல. அவுக சும்மா உளறுதாவ. பால் பொங்குது, நான் போறேன்."

பிசியோதெரபிஸ்ட் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். மதினியை மோடாவில் உட்கார வைத்து, தரையில் மண்டியிட்டு, "மாஜி, மெதுவா" என்று காலுறையைக் கழற்றினார். வலது சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது. பக்கத்தில் ஆழமான புண். மதினிக்குச் சர்க்கரை உண்டு என்பது எனக்குத் தெரியும். அண்ணாச்சி விழுந்த நாளிலிருந்து மதினி தன் மாத்திரைக்கும் போகவில்லை, பரிசோதனைக்கும் போகவில்லை என்பது தெரியாது. அண்ணாச்சியின் மருந்தை வாங்கப் போகவே நேரம் சரியாக இருந்ததாம்.

"வலிக்கலையா மதினி?"

"வலிச்சாத்தான் சொல்லியிருப்பேனே. ஒரு வலியும் இல்ல" என்றார், குற்றம் செய்தவர் போல.

டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. வலி தெரியாததுதான் பயம் என்றார். நாளைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். மதினி முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "நான் போய்ப் படுத்துக்கிட்டா இவுகள யாரு பாப்பா? உங்களுக்கெல்லாம் சொன்னாப் புரியாது. என்னால முடியாது."

நான் மொழிபெயர்த்தேன். சர்தார்ஜி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெஹன்ஜி, இவ்வளவு நாளாக இந்த வீட்டில் உங்கள் கையால் காபி குடித்திருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். யார் பார்ப்பது என்ற கவலையை எங்களிடம் விடுங்கள்" என்றார்.

அங்கேயே பிரித்துக்கொண்டார்கள். பகலில் குளிப்பாட்ட, துடைக்கச் சங்கத்தின் மூலம் ஒரு ஆயாம்மா. காலையும் மாலையும் பிசியோதெரபிஸ்ட். கஞ்சியும் பேச்சுத் துணையும் நான். டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் பேசிப் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். மகளுக்குப் போன் போட்டதும், விடுப்பு எடுத்துக்கொண்டு பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலை மதினி கிளம்பும்போது, எந்த டப்பாவில் எது என்று மகளிடம் வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார். மறுபடி கட்டிலருகே வந்து, "போயிட்டு வாரேன்" என்றார். அண்ணாச்சி அவர் கன்னத்தைத் தொட்டு, "மெள்ள வா. நான் எங்கயும் போகல்ல" என்றார். நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

சுண்டுவிரலை எடுக்கவேண்டியிருந்தது, பாதம் பிழைத்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.

மதினி ஆஸ்பத்திரியில் இருந்த அந்த நாட்களில்தான் மகளும் அப்பாவும் பேசத் தொடங்கினார்கள். அவள் சொற்களை என்னிடம் கேட்டுக்கொண்டு போய்ப் பேசிப் பார்ப்பாள். "அப்பா, கால் எடு" என்பாள். "எடுங்கன்னு சொல்லுட்டி!" என்பார் அவர். ஒருநாள் "பசிக்கா?" என்று அச்சாக மதினி குரலில் கேட்டுவிட்டாள். அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் கஞ்சி புரையேறி, ஆயாம்மா ஓடிவந்து முதுகைத் தட்டினாள். அதன் பிறகு, கஞ்சி வாயில் இருக்கும்போது தமிழ் பேசக் கூடாது என்று மகளுக்கு நான் தடை போட்டேன்.

மதினி திரும்பி வந்தபோது அண்ணாச்சி வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றுகொண்டிருந்தார். பிசியோதெரபிஸ்ட் பின்னால் இரண்டு கைகளையும் விரித்தபடி, கோழி பிடிக்கிறவர் போல் நின்றார். மதினி அழவில்லை. "ஆள் இல்லன்னதும் நடக்கத் தெரியுதோ?" என்றார்.

அதோடு அந்தக் கூட்டம் நின்றுவிடவில்லை. இப்போதும் புதன்கிழமைகளில் அதே வீட்டில்தான் கூடுகிறார்கள். பக்கத்துச் சந்துகளில் உள்ள வேறு வீடுகளைப் பற்றியும் பேசுகிறார்கள். எந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலும், நோயாளிக்கு என்ன என்பதற்கு முன்னால், கூட இருந்து பார்த்துக்கொள்வது யார், அவர் எப்படி இருக்கிறார் என்றுதான் சர்தார்ஜி கேட்கிறார். ஆயாம்மா இன்னும் வருகிறாள். அவள் வரும் நேரத்தில் மதினி மருந்தகத்துக்குப் போய்க் கட்டு மாற்றிக்கொள்வார். மாற்றி முடிந்தால் நேராக வீட்டுக்கு வராமல், அஜ்மல் கான் சாலைக் கடைத்தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். அதை அண்ணாச்சியிடம் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை.

அண்ணாச்சிக்கு ஹிந்தி கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. ஆங்கிலம் வரவில்லை. "வரலன்னா போகட்டும், இனி யாருக்கு நோட் எழுதப்போறேன்?" என்கிறார்.

போன புதன்கிழமை சர்தார்ஜி ஒரு புது வீட்டைப் பற்றிச் சொன்னார். மனைவி படுக்கையில், கணவர் தனியாகப் பார்த்துக்கொள்கிறார், யாரையும் உள்ளே விடமாட்டேன் என்கிறார். டாக்டரம்மா போய்ப் பார்த்தும் கதவைத் திறக்கவில்லையாம். எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்கையில் மதினி காபித் தட்டை எடுத்து வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"நான் போறேன். எனக்குத் திறப்பாவ" என்று என்னிடம் சொன்னார். "ஹிந்திக்கு நீங்க கூட வாங்க. மத்தவங்க யாரும் வரவேண்டாம்."

அண்ணாச்சி கட்டிலிலிருந்து, "ஜல்தி வந்துரு" என்றார். நாங்கள் இருவரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினோம்.