சாட்சி சொன்ன பிறகு

ஸ்கோப் அறை வாசலில் இருந்தவர்கள்: என் மனைவி ஸ்டெல்லா. மகள் பிரீத்தி. எங்கள் சபைப் போதகர். நான். ஸ்கோப் (பின்வழியே குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) முடிந்திருந்தது. டாக்டர் கூப்பிடக் காத்திருந்தோம்.

எனக்குக் கிரோன் நோய் (குடலில் புண் வந்துகொண்டே இருக்கும், முழுதாகத் தீராது). செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எட்டாவது வரை படித்தேன். இதே நோய் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி, மீதியைப் பெருங்குடலோடு இணைத்தார்கள். வலி போனது. எடை ஏறியது. நோய் திரும்பாமல் இருக்கத் தினமும் மாத்திரை கொடுத்தார்கள்.

அந்த வருடக் கடைசி ஆராதனையில் சாட்சி (கடவுள் செய்த நன்மையைச் சபை முன் சொல்வது) சொன்னேன். "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் தந்தார்" என்றேன். சபையே அல்லேலூயா சொன்னது.

வீட்டுக்கு வந்து மாத்திரையை எடுத்தேன். வாயில் போட முடியவில்லை. போட்டால் சபையில் சொன்னது பொய். அன்றே நிறுத்தினேன். தினம் ஒன்றைப் பிரித்துக் கக்கூஸில் போட்டேன். வீட்டில் தெரியாது.

பத்து மாதம் ஒன்றும் இல்லை. பிறகு சாப்பிட்டதும் வலது அடிவயிறு பிசைந்தது. ஒரு நாளைக்கு எட்டு முறை போனேன். சபையில் கேட்டால், "ஸ்தோத்திரம், நல்லாருக்கேன்" என்பேன். பேன்ட் இடுப்பில் நிற்காததை ஸ்டெல்லா பார்த்துவிட்டாள்.

"ஏங்க, மாத்திரை போடுறீங்களா?"

"நிறுத்திட்டேன். சாட்சி சொன்ன அன்னிக்கு."

"கர்த்தர் டாக்டர் கையால சுகம் தந்தார்னு சொல்லியிருந்தா நாக்கு அறுந்தா போயிருக்கும்?"

அப்படித்தான் ஸ்கோப்புக்கு வந்தோம்.

டாக்டர் உள்ளே கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். இணைத்த இடம் முழுக்கப் புண். அவர் எண்ணவில்லை. இந்தியில் சொன்னார். பிரீத்தி தமிழில் சொன்னாள்.

"டாடி, அஞ்சு புண்ணுக்கு மேல இருந்தா நோய் திரும்பிடுச்சுன்னு அர்த்தமாம். அந்த இடம் சுருங்கிட்டா மறுபடி வெட்டணுமாம். குடல் என்ன ரயிலா, பெட்டி பெட்டியா கழட்டன்னு கேக்குறாங்க."

வெட்ட வெட்டக் குடல் குறையும். ரொம்பக் குறைந்தால் தின்றது உடம்பில் ஒட்டாது.

வெளியே வந்ததும் போதகர் என் தோளைப் பிடித்தார். "தம்பி, மாத்திரையை நிறுத்துன்னு நான் சொன்னேனா?"

"இல்லைங்கய்யா."

"நானே சுகர் மாத்திரை போட்டுட்டுத்தான் பிரசங்கமே பண்றேன்."

"டாடி, இனிமே மைக்கைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேளுங்க" என்றாள் பிரீத்தி. சிரிக்கவில்லை.

மறுபடி மாத்திரை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி. தொப்புள் பக்கத்தில் நானே போட்டுக்கொள்கிறேன். இப்போது எனக்கு மாதக் கணக்கு இல்லை. ஊசிக்கு ஊசி பதினான்கு நாள். வயிறு சும்மா இருக்கும் நாளில்தான் பயம் அதிகம். போன தடவையும் அது பத்து மாதம் சும்மா இருந்தது.

ஆறு மாதம் கழித்துப் போன வாரம் ஸ்கோப் பார்த்தார்கள். இந்த முறை டாக்டர் புண்களை எண்ணினார்.

ஏழு.