மந்திரவாதியின் நாக்கு

உப்புப் போடாத கஞ்சியை ஊதி ஊதிக் குடிக்கிறார் சத்தியதாஸ். தம்பானூரில் என் ஓட்டலின் மூலை மேசை அவருடையது. பகலில் அச்சகத்தில் பிழை திருத்துகிறார்; சாயங்காலம் அந்த மேசையில் உட்கார்ந்து நாகர்கோவில் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு மந்திரவாதித் தொடர்கதை எழுதுகிறார். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, எச்சில் இலை எடுத்து, இன்று மூன்று மாடி கட்டி நிற்கும் நானே வாரந்தவறாமல் படிக்கிறேன் என்றால் கதையின் தரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

அவர் கதையில் மந்திரம் இலவசமில்லை. ஒவ்வொரு மந்திரத்துக்கும் மந்திரவாதி தன் நாக்கிலிருந்து ஒரு ருசியைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தது திரும்பாது. கதையில் போன ருசியைச் சத்தியதாசும் தொடுவதில்லை. "நான் தின்னுக்கிட்டே எழுதினா பொய்யாயிரும், கேட்டியளா" என்பார். முதலில் உப்புப் போயிற்று. பிறகு காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலை ஒதுக்கினார். மோரைத் திருப்பி அனுப்பிய அன்று சமையல்காரி ஓமனா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "மொதலாளி, புளியும் போச்சு. கதையில யட்சி வந்திருப்பா."

மிச்சம் இனிப்பும் கசப்பும் துவர்ப்பும். இனிப்பென்றால் மனிதருக்கு உயிர். சாயாவில் நாலு கரண்டி சர்க்கரை, கூடவே பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜி.

போன வாரம் பத்திரிகை ஆசிரியர் என் ஓட்டல் போனில் அவரைக் கூப்பிட்டார். கதாநாயகி கல்லாற்றில் மூழ்கிக் கிடக்கிறாள்; இந்த வாரம் அவள் பிழைக்காவிட்டால் தொடர் நிறுத்தம். "மந்திரந்தானே ஓய், சும்மா எழுப்பி விடும்" என்ற குரல் கல்லாவில் இருந்த எனக்கே கேட்டது.

சத்தியதாஸ் முகம் செத்துப்போயிற்று. வியாபாரத்தில் என்னை ஏய்த்தவன் இன்னும் பிறக்கவில்லை, வழி சொன்னேன். "கசப்பக் குடுத்திரும் வே. பாவக்கா யாருக்கு வேணும்?"

"பிடிக்காததக் குடுத்தா பலிக்காது மொதலாளி."

"ஒம்ம கதை, ஒம்ம மந்திரம். மாத்தினா எவன் கேக்கப்போறான்?"

"அந்த மந்திரவாதி கேப்பான்."

ஓமனா கேட்காமலே சூடாக ஒரு பழம்பொரியைக் கொண்டுவைத்தாள். "அவ சாகட்டு சாரே. நீங்க இதத் தின்னுங்க."

சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தின்றார். சாயாவை அடிச்சர்க்கரை வரை குடித்தார். விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினார். பிறகு கை கழுவி வந்து, தன் மேசையிலிருந்த சர்க்கரைக் குப்பியைத் தூக்கி என் கல்லாப்பெட்டிமேல் வைத்தார்.