பிஸ்கட் டப்பாவில் வேலாயுதம் அண்ணன்

வேலாயுதம் அண்ணனுக்கு வரவேண்டிய பதவி உயர்வைக் கெடுத்தது நான்தான். வருமான வரித் துறை இல்லை, அவர் வேலை பார்த்த ஃபேக்டரி இல்லை, அவருடைய கெட்ட நேரமும் இல்லை. நான்! திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற, ஒன்பதாம் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்த நான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை... பார்த்தால் இந்நேரம் ஒரு ஜோக்கு அடித்துப் பேச்சை வேறு பக்கம் திருப்பியிருப்பேன். அதுதான் என் வழக்கம். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

ஆவடியில் பாதுகாப்புத் துறை ஃபேக்டரிகளில் வேலை செய்கிறவர்கள் என்னை 'ஆடிட்டரு' என்பார்கள். கிண்டலுக்குத்தான் ஆரம்பித்தார்கள். நான் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டேன்! கடை வாசலில் போர்டு வைத்தேன். 'வருமான வரி ரிட்டர்ன் பைல் செய்து தரப்படும்.' அந்த வழியாகப் போன ஒரு வாத்தியார், அதில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கே என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்படிப்பட்டவனிடம்தான் ஊரே தன் கணக்கைக் கொண்டுவந்து கொடுத்தது.

ஜூலை மாதம் வந்தால் கடையில் நிற்க இடம் இருக்காது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கேள்விகள். ஆபீஸில் தருகிற ஃபார்ம் பதினாறு மட்டும் இருந்தால் போதுமா? சம்பளத்திலேயே வரி பிடித்துவிட்டார்களே, அப்புறம் எதற்கு ரிட்டர்ன்? பழைய முறை நல்லதா, புது முறை நல்லதா? கடைசித் தேதியைத் தாண்டினால் ஜெயிலா? எல்ஐசி ரசீதை எங்கே ஒட்ட வேண்டும்?

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பாதி சரி, பாதி உளறல். ஆனால் சத்தமாகச் சொல்வேன். ரசீது எதையும் ஒட்ட வேண்டாம், சேர்த்து அனுப்பவும் வேண்டாம், கேட்டால் காட்டினால் போதும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். என் பிழைப்பே அதில்தான் ஓடியது. கேட்கப் போவதில்லை என்று நினைத்தேன்... நம்பினேன்... சத்தியமாக நம்பினேன்!

நான் இங்கிலீஷ் படித்தவன் இல்லை. எந்தக் கட்டத்தில் எண் போட்டால் ரீபண்ட் ஏறும், எதில் போட்டால் ஏறாது என்று பார்த்துப் பார்த்துப் பழகியவன். குமணன்சாவடியில் இதே தொழில் செய்கிற என் சிநேகிதன் ஒருவன், ஒரு கட்டத்தைக் காட்டிக்கொடுத்தான். கட்சிக்குக் கொடுத்த நன்கொடை. போட்ட எண் அப்படியே வருமானத்தில் கழிந்து, பிடித்த வரி திரும்பி வரும். பேரே கேள்விப்படாத ஒரு கட்சியின் விவரத்தையும் அவனே அனுப்பினான். அந்தக் கட்சிக்கு என்ன கொடி, என்ன சின்னம், எனக்குத் தெரியாது. ஆனால் ஆவடியில் அதற்கு அத்தனை வள்ளல்களை உண்டாக்கியவன் நான்.

ரீபண்ட் வந்தால் அதில் எனக்கு ஒரு பங்கு. வராவிட்டால் ஒன்றும் வேண்டாம். இதைக் கேட்டால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

இன்னொன்றும் செய்தேன். உங்களிடம் மறைக்க வந்தது முக்கியமாக இதைத்தான்... இல்லை, சொல்லத்தான் வந்தேன். பாருங்கள், வாய் எப்படிப் போகிறது!

வரித் துறையின் தளத்தில் ஒருவரைப் பதிவு செய்யும்போது அவருடைய செல்போன் நம்பரைப் போட வேண்டும். அதற்கு ஓடிபி வரும். இவர்கள் ஷிப்டில் இருப்பார்கள். உள்ளே போன் கொண்டுபோக முடியாது. ஓடிபிக்காக யார் காத்திருப்பது? என் நம்பரையே போட்டுவிட்டேன். ஒரே நம்பரை ஊருக்கெல்லாம் போட விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், பழைய பட்டன் போன்களை வாங்கி, ஆளுக்கொரு சிம் போட்டு, ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் அடுக்கிவைத்தேன். ஒவ்வொரு போனின் முதுகிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி, அதில் இன்னின்னார் என்று பேர். ஜூலையில் அந்த டப்பா நாள் பூராவும் தவளை மாதிரி கத்தும்.

வேலாயுதம் அண்ணனும் அந்த டப்பாவுக்குள் போனார்.

அவர் திண்டுக்கல் பக்கத்து ஆள். ஃபேக்டரியில் ஃபிட்டராகச் சேர்ந்து, குவார்ட்டர்ஸில் செண்பகம் அண்ணியோடு இருந்தார். எல்லாவற்றையும் மெதுவாகச் செய்கிறவர். கடைக்கு வந்தால் செருப்பை வாசலில் விடுவார். ஜெராக்ஸ் கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ஒரே மனிதர் அவர். அதை வைத்தே அவரை எத்தனை முறை ஓட்டியிருக்கிறேன்!

முதல் வருஷம் ரீபண்ட் வந்தபோது அவர் சந்தோஷப்படவில்லை. சந்தேகப்பட்டார்.

"ஏன் தம்பி, இம்புட்டு வருதே. தப்பா வந்துருச்சோ?"

"கவர்மென்ட்டே குடுக்குற சலுகைண்ணே. கேக்குறவனுக்குக் குடுப்பான், கேக்காதவனுக்கு நாமம். நீ பேசாம இரு."

பேசாமல் இருந்தார். அண்ணிக்கு ஒரு மிக்சி வாங்கினார். ஊருக்குப் போனபோது எனக்குப் பழனிப் பஞ்சாமிர்தம் கொண்டுவந்தார். அதை நான் விரலால் வழித்துத் தின்றேன். வெட்கமே இல்லாமல்.

அவர் அப்போது ஃபிட்டர்களை மேய்க்கிற சார்ஜ்மேன் பதவிக்காகக் காத்திருந்தார். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம்கூட இல்லை. அதை வாங்கிவிட்டால் பென்ஷன் கூடும் என்பதைவிட, ஊரில் தம்பிமார்கள் முன்னால் 'சார்ஜ்மேனாக ரிட்டயர் ஆனேன்' என்று சொல்ல வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. பட்டியலில் பேர் வந்துவிட்டது, ஆர்டர் வரவேண்டியதுதான் பாக்கி என்றார். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், யாராவது கேட்டுப் பறித்துக்கொள்வார்கள் என்பது போல.

அடுத்த வருஷமும் அதே கட்டம், அதே கட்சி.

டிசம்பரில் டப்பா கத்தியது. சீசன் இல்லாத நேரம். திறந்து பார்த்தேன். வேலாயுதம் அண்ணன் என்று எழுதிய போன். மெசேஜை என் போனில் மொழிபெயர்த்துப் படித்தேன். நீங்கள் காட்டியிருக்கிற நன்கொடை சந்தேகமாக இருக்கிறது, வருஷம் முடிவதற்குள் ரிட்டர்னைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று இருந்தது. மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார்கள். திருத்த அவகாசமும் இருந்தது!

அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ரீபண்டை வட்டியோடு திருப்பிக் கட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவரிடம் சொன்னால், என் பங்கைத் திருப்பித் தர வேண்டும். அது போகட்டும்... அவர் கேன்டீனில் ஒரு வார்த்தை சொன்னால்? டப்பாவில் இருக்கிற அத்தனை பேரும் என் கடை வாசலில் நிற்பார்கள். 'ஆடிட்டரு' என்று யார் கூப்பிடுவார்கள்?

டப்பாவை மூடினேன். மூடி சரியாக உட்காரவில்லை. மேலே ஜெராக்ஸ் பேப்பர் கட்டு ஒன்றை வைத்தேன்.

அதற்குப் பிறகும் கத்தியது. ஒருமுறை இரண்டுமுறை இல்லை. நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன்.

பிறகு குவார்ட்டர்ஸுக்கே தபாலில் நோட்டீஸ் வந்தது. அதை அவர் என்னிடம் கொண்டுவந்திருந்தால்கூட நான் ஏதாவது மழுப்பியிருப்பேன். அவர் கொண்டுவரவில்லை. ஆபீஸ் காகிதம் என்றால் ஆபீஸில் காட்ட வேண்டும் என்று நினைத்து, நேராக ஃபேக்டரியில் சம்பளப் பிரிவில் கொண்டுபோய்க் கொடுத்து, இது என்னவென்று படித்துச் சொல்லுங்கள் என்றிருக்கிறார்! அவர்கள் படித்தார்கள். அரசு ஊழியர் கட்சிக்கு நன்கொடை கொடுத்திருக்கிறார் என்று படித்தார்கள்.

அரசு வேலையில் இருப்பவர் கட்சிக்குக் காசு கொடுக்கக் கூடாது. வரியை மட்டும் திருப்பிக் கட்டித் தப்பிக்கிற விஷயம் இல்லை அது. எனக்கு அது அப்புறம்தான் தெரியும். கட்டத்தைப் பார்த்தேனே தவிர, அதில் யாரை உட்காரவைக்கிறேன் என்று பார்க்கவில்லை.

அவர் மறுநாள் கடைக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பிஸ்கட் டப்பாவின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"தம்பி, நான் எந்தக் கட்சிக்குக் காசு குடுத்தேன்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அடுத்த எலெக்சனில் உனக்கு சீட்டுண்ணே என்றேன்! அந்த நேரத்தில், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு... சொன்னேன். நானே சிரித்தும் வைத்தேன். கடையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

என் சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"முன்னாடியே மெசேஜ் அனுப்பினோம்னு அதுல போட்ருக்காம். எனக்கு ஒண்ணும் வரலையேப்பா. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

இந்த இடத்தில் நீங்கள் என்னை நிறுத்திப் பாருங்கள். அவர் கை டப்பாவின் மேல் இருக்கிறது. டப்பாவுக்குள் அவர் பேர் எழுதிய போன் இருக்கிறது. போனுக்குள் அந்த மெசேஜ்கள் இருக்கின்றன. மூடியைத் திறந்தால் போதும்.

"யாருக்குமே வரலண்ணே. சர்வர் படுத்துகினு கீது. வரலன்னே எழுதிக் குடுத்துடு."

எழுதிக் கொடுத்தார். எனக்கு எந்தத் தகவலும் வரவில்லை என்று, தன் கையெழுத்தில், ஃபேக்டரிக்கு எழுதிக் கொடுத்தார்.

பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை. ஃபேக்டரியில் அவரோடு அதே ஒர்க் ஷாப்பில் வேலை செய்கிற பாபு, ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது சொன்னான். விசாரணையில் தகவல் போன தேதிகளையும், போன நம்பரையும் எடுத்து முன்னால் வைத்திருக்கிறார்கள். வரவில்லை என்று பொய் எழுதியிருக்கிறீர்களே என்று கேட்டிருக்கிறார்கள். இந்த நம்பர் யாருடையது என்றும் கேட்டிருக்கிறார்கள்.

"அத்த சொல்லிட்டா அவரு தப்பிச்சிருப்பாரு ஆடிட்டரே. மனுசன் வாயத் தொறக்கலயே. எல்லாம் நான் பண்ணதுதான்னுட்டாரு."

பாபு ஜெராக்ஸை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்த நம்பர் யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. அவன் பேர் ஒட்டிய போனும் அதே டப்பாவில்தான் இருந்தது.

ஆர்டர் வரவில்லை. பட்டியலில் அவருக்குக் கீழே இருந்தவர் சார்ஜ்மேன் ஆனார். வேலாயுதம் அண்ணன் ரீபண்டை அபராதத்தோடு கட்டினார். எந்தப் பதவியில் இருந்தாரோ அதே பதவியில் ரிட்டயர் ஆனார். பிரிவு உபசார விழாவுக்கு ஊரிலிருந்து தம்பிமார்களைக் கூப்பிடவில்லையாம். நானும் போகவில்லை.

என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? இரக்கமா? ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவனை நம்பி ஏமாந்தேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சமா? ரீபண்டை வாங்கினோமே, அதில் நமக்கும் பங்கு உண்டு என்று நினைத்தாரா? என்னைத் திட்டியிருந்தால், கடை முன்னால் சட்டையைப் பிடித்திருந்தால், நான் ஏதாவது நடிப்பு நடித்து அழுது முடித்திருப்பேன். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை...

போன ஜூலையில் வந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொரட்டூரில் வாடகைக்கு இருப்பதாகச் சொன்னார். கையில் கடைசி ஃபார்ம் பதினாறு. ஆவடியிலிருந்து கொரட்டூர் வரை வேறு கடையே இல்லையா? என்னிடம் ஏன் வந்தார்? கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"இந்தத் தடவ என் நம்பரப் போட்ரு தம்பி."

அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை.

'இன்னாண்ணே, புது போனா?' என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்ட ஒரே ஜோக்கு அது.

நம்பரை மாற்றினேன். அவர் சட்டைப் பையில் போன் ஒலித்தது. அதை எடுத்து, கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். நான் தட்டினேன். ஒருமுறை தப்பாகத் தட்டிவிட்டு, மறுபடியும் சொல்லுங்கள் என்றேன். மறுபடியும் பொறுமையாகப் படித்தார்.

ரீபண்ட் ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள் என்றேன். தலையாட்டினார். எனக்குரிய கூலியை மேஜைமேல் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எதற்கு வேண்டாம் என்று கேட்டால்? அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குமே! எடுத்துக் கல்லாவில் போட்டேன்.

அந்தக் கட்டத்தை இப்போது நான் தொடுவதில்லை. ஆனால் டப்பா அங்கேயே இருக்கிறது. மற்றவர்களின் நம்பரையும் மாற்றித் தர வேண்டும். மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். நாளைக்குச் செய்யலாம் என்று வைத்திருக்கிறேன். அவ்வப்போது கத்துகிறது. யாருடைய போன் என்று நான் பார்ப்பதில்லை.

நீங்கள் இந்தப் பக்கம் வந்து, ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடையில் உங்கள் கணக்கைக் கொடுத்தால், யாருடைய நம்பரைப் போட்டாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரன் உடனே ஒரு ஜோக்கு சொல்வான். நல்ல ஜோக்காகத்தான் இருக்கும்.

தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள்.