கட்டுரைக்கு ஒரு முடிவு

காலை பத்து இருபதுக்கு நான் பள்ளி மண்டபத்துக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டவை டாங்கிகள். சுவருக்குச் சுவர் கட்டிய சணல் கயிற்றில் முப்பது நாற்பது ஓவியங்கள் தொங்கின. எல்லாம் ஒரே பச்சை நிறம், ஒரே காலண்டரைப் பார்த்து வரைந்தவை.

"இன்னாடா இது, டாங்கியா ரோடு ரோலரா?"

"பின்னால பாருடா, புகை வுட்டுகினு போவுது."

வரைந்தவனே முதலில் சிரித்தான்.

சீனப் போர் முடிந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பள்ளியின் வரலாற்று ஆசிரியை, போரைப் பற்றி ஒரு ஓவியப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் அறிவித்திருந்தார். பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதக் கூடாது, வீட்டிலும் தெருவிலும் கேட்டு எழுத வேண்டும் என்பது அவர் வைத்த விதி. நல்ல விதி. திருத்தணியில் நான் ஒரு நாளிதழின் நிருபர். கட்டுரைகளுக்கு மதிப்பெண் போட என்னை அழைத்திருந்தார்.

இருபத்தாறு கட்டுரைகளில் இருபத்தைந்து, ரேடியோவில் கேட்டதைத் திரும்பச் சொல்லின. மிச்சம் ஒன்று நெசவுத் தெருவிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுதியது. அவளுடைய அப்பாவின் அண்ணன் ராணுவத்தில் லாரி ஓட்டப் போனார். மலையில் சண்டை நடந்த மாதத்தில் 'காணவில்லை' என்று தந்தி வந்தது. அதன் பிறகு எதுவும் வரவில்லை. அவர் மனைவியான பெரியம்மா பொட்டும் பூவும் வைத்துக்கொண்டு அதே வீட்டில் இருக்கிறார். தபால்காரர் தெருவுக்குள் வரும் நேரத்தில் மட்டும் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றும் ராட்டையை நிறுத்திவிடுவார். அந்த வரியோடு கட்டுரை நின்றிருந்தது.

சிவப்பு மையால் ஓரத்தில் எழுதினேன்: 'முடிவு இல்லை. அவர் என்ன ஆனார்?'

அவளைக் கூப்பிட்டும் சொன்னேன்.

"முடிவு தெரியாதுங்க சார்."

"தெரியாதுன்னு செய்தி எழுத முடியாதும்மா. விசாரிச்சு எழுதிகினு வா. முதல் பரிசு உனக்குத்தான்."

ஆசிரியை குறுக்கிட்டார். "அப்படியே இருக்கட்டுமே சார். இதுவே நல்லா இருக்கு."

பத்திரிகைக்காரன் சொன்னால் காரணம் இருக்கும் என்கிற தோரணையில் நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

மூன்றாம் நாள் திருத்திய கட்டுரை வந்தது. கடைசி வரி: 'என் பெரியநைனா தாய்நாட்டுக்காக வீரமரணம் அடைந்தார்.' மதிப்பெண் போட்டேன். யார் சொன்னது, எப்போது தெரிந்தது என்று கேட்கவில்லை. தெருச் சண்டைச் செய்திக்குக்கூட நான் இரண்டு பேரிடம் கேட்காமல் எழுதியதில்லை.

பரிசளிப்பு ஒரு சனிக்கிழமை பிற்பகலில் நடந்தது. அந்தக் காலத்தில் விழாச் செய்திகளை நாங்கள் விழாவுக்கு முன்பே எழுதிவிடுவோம். காலை ரயிலின் கார்டு கையில் செய்திக் கவரைக் கொடுத்தால்தான் மறுநாள் தாளில் வரும். அன்றும் அப்படியே செய்தேன். 'வீரமரணம் அடைந்தவரின் மனைவிக்குப் பொன்னாடை' என்று தலைப்பு வைத்திருந்தேன்.

பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பெரிய குங்குமப் பொட்டு, கனகாம்பரம். கொழுந்தன் மகள் பரிசு வாங்குகிறாள் என்று வந்திருந்தார். பொன்னாடை விஷயம் அவருக்குச் சொல்லப்படவில்லை. அந்தப் பெண் மேடையில் கட்டுரையைப் படித்தாள். கடைசி வரியில் குரல் இறங்கிப்போனது. மண்டபம் கைதட்டியது.

"இன்னாத்துக்குங்க கைதட்றாங்க?" என்று பெரியம்மா பக்கத்தில் இருந்த ஆசிரியையிடம் கேட்டார். கடைசி வரி அவர் காதில் விழவில்லையா, விழுந்தும் கேட்டாரா, எனக்குத் தெரியாது. ஆசிரியை மெல்லச் சொன்னார். அதற்குள் தலைமையாசிரியர் பொன்னாடையோடு இறங்கி வந்துவிட்டார்.

பெரியம்மா அதை வாங்கவில்லை. மேடையில் நின்ற பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்கு யாரும்மா சொன்னது? கடிதாசி ஏதாச்சும் வந்துச்சா? என்னாண்ட மறைச்சுட்டீங்களா?"

"இல்ல பெரிம்மா. ஒண்ணும் வரல. முடிவு வேணும்னாங்க."

அவள் என்னைக் கைகாட்டவில்லை. ஆனால் பெரியம்மா அவள் கண் போன இடத்தைப் பார்த்தார்.

தபால் நிலையத்துக்கு ஓடி சென்னையில் இருந்த நாளிதழ் அலுவலகத்துக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். இணைப்பு கிடைத்தபோது என் செய்தி இருந்த பக்கம் அச்சுக்குப் போயிருந்தது.

விழா முடிந்த நான்காம் நாள் நெசவுத் தெருவுக்குப் போனேன். அந்த வீட்டில் தறிக்குப் புதுப் பாவு, அதாவது நெடுக்கு நூல், ஏற்றியிருந்தார்கள். பாவு ஏற்றினால் நெய்வதற்கு முன் ஒரு சுமங்கலி அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைப்பது வழக்கம். அந்த வீட்டில் அது எப்போதும் பெரியம்மாதானாம். அன்று எதிர்வீட்டு அம்மாள் வந்து வைத்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பா என்னை வெளியில் அழைத்துவந்து தாழ்ந்த குரலில் பேசினார். "நான் வேணான்னு சொல்லலீங்க. அண்ணிதான் எட்டப் போயி நின்னுகிச்சு. பேப்பர்லயே போட்டாங்களேன்னு தெருவே பேசிகினு கீது. நான் இன்னா பண்றது?"

பெரியம்மா பின்கட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது, தலையில் பூ இல்லை. திருத்தம் வெளியிடச் சொல்லி எழுதியிருப்பதாகச் சொன்னேன்.

"இன்னான்னு போடுவீங்க?" ராட்டையை நிறுத்தாமல் கேட்டார். "அவரு உசுரோட கீறாருன்னா?"

"தவறுதலா வந்துட்டுதுன்னு."

"அவரு பூட்டாருன்னு உங்களுக்குத் தெரியாது. கீறாருன்னு எனக்குத் தெரியாது. இது ரெண்டுக்கும் நடுவுலதாங்க நான் இத்தினி நாளா குந்திகினு இருந்தேன்."

அந்தப் பெண் கதவோரம் நின்றிருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை. பரிசாகக் கொடுத்த பேனாவைப் பள்ளியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று ஆசிரியை பிறகு சொன்னார். அடுத்த ஆண்டு போட்டி நடக்கவில்லை.

திருத்தம் ஒன்பதாம் நாள், நான்காம் பக்கத்தின் அடியில் மூன்று வரியில் வந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பெரியம்மாவின் அண்ணன் கனகம்மாசத்திரத்திலிருந்து வந்து அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்.