காலி வீட்டின் சத்தம்

ரோலண்ட் ஆர்மராட் எடுத்த முதல் நான்கு படங்களில் மூன்றில் நான் பிணமாக நடித்திருக்கிறேன். மீதி ஒன்றில் போலீஸ்காரி. அதிலும் பாதியில் செத்துவிடுவேன். சம்பளம் கிடையாது. பிணத்துக்கு வசனம் இல்லை என்பதால் ஒத்திகையும் இல்லை. முடிதிருத்தும் என் கடையை மத்தியானம் பூட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டு வந்துவிடலாம். மற்றவர்களுக்கெல்லாம் ஒப்பனை போடுவதும் நான்தான்.

ரோலண்டும் நானும் இங்கிலாந்தில் ஃப்ளீட்வுட் என்ற கடலோர ஊரில் ஒரே பள்ளியில் படித்தோம். மீன்பிடிக் கப்பல்கள் போனபிறகு ஊரில் மிஞ்சியது காற்றும் டிராமும்தான். அவன் வீடு வீடாகப் போய்த் தரைக்கம்பளம் பதித்துப் பிழைத்தவன். மிச்சமான துண்டுகளை வீட்டில் குவித்து வைத்திருப்பான். படப்பிடிப்பில் அவற்றைச் சுவரில் மாட்டினால் எதிரொலி அடங்கும், தரையில் போட்டால் காலடி கேட்காது. கேமராவை யாரிடம் வேண்டுமானாலும் கொடுப்பான். ஒலிப்பதிவுக் கருவியை மட்டும் தன் தோளிலிருந்து இறக்கவே மாட்டான்.

படங்களுக்குப் பணம் கொடுக்கும் லண்டன் அலுவலகத்துக்கு ஒவ்வொரு முறையும் எழுதிப் போடுவான். உங்கள் கதை எங்களுக்குப் பிடித்திருந்தது, ஆனால் என்று பதில் வரும். அந்த ‘ஆனால்’ வந்ததும் அவன் படிப்பதை நிறுத்திவிடுவான். மீதியை அவன் மனைவி ஏவ்ரில் படித்துவிட்டுக் குப்பையில் போடுவாள். அப்புறம் பணம் திரட்ட வழக்கம்போல மதுக்கடையில் வினாடிவினா, கூடவே இறைச்சிக் குலுக்கல். சீட்டு வாங்கினால் ஒரு தட்டு பன்றி இறைச்சி விழலாம். விழாதவர்களுக்குப் படத்தில் ‘இணைத் தயாரிப்பாளர்’ என்று பெயர் போடுவான். எங்கள் தெருவில் கல்லை எறிந்தால் ஓர் இணைத் தயாரிப்பாளர் மேல்தான் விழும். சவ அடக்கம் செய்யும் கடைக்காரர் தன் வண்டி படத்தில் வரவேண்டும் என்று கேட்டுப் பணம் கொடுத்தார். அதனால் எல்லாப் படத்திலும் காரணமே இல்லாமல் ஒரு சவ ஊர்தி தெருவைக் கடக்கும். ஒரு விமர்சகர் அதை மரணத்தின் குறியீடு என்று எழுதிவிட்டார். சிரித்துச் சிரித்து எங்கள் வயிறு புண்ணாகிப் போனது.

ஐந்தாவது படத்தில் யாரும் சாகவில்லை, அதனால் எனக்கு ஒப்பனை வேலை மட்டும். மனைவியை இழந்த ஒருவன் வீட்டில் தனியாக இருக்கிறான், அவ்வளவுதான் கதை. நடித்தவர் பெர்னார்ட், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், எண்பதைத் தொட்டுக்கொண்டிருப்பவர். “கண்ண மூடுறதுக்குள்ள பெரிய திரையில என் மூஞ்சிய ஒரு தடவ பாத்துடணும்” என்பார். இதை வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்வார்.

வாடகைக்கு வீடு பிடிக்க வழியில்லை. ரோலண்ட் தன் வீட்டிலேயே எடுத்தான். மனைவி இல்லாத வீடாகக் காட்ட வேண்டுமே. திரைச்சீலை, சுவரில் இருந்த படங்கள், ஏவ்ரிலின் கம்பளிச் சட்டைகள், ஜன்னலோரப் பீங்கான் பொம்மைகள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினோம். ஏவ்ரிலே முன்னால் நின்று வேலை வாங்கினாள்.

“அந்தப் பாத்திரம் தொடைக்கிற துண்டையும் எடு மாக்சின். பூப்போட்டது. தனியா இருக்கிற ஆம்பள அத வெச்சிருக்க மாட்டான்.”

“ஏன், ஆம்பளைக்குப் பூ பிடிக்காதா?” என்றேன்.

“பிடிக்கும். தொவைக்கத் தெரியாது.” மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு ரோலண்டைப் பார்த்துச் சொன்னாள்: “என்னைய மொத்தமா மேல ஏத்தியாச்சு. இனிமே நான் இங்க பேய்தான்.”

அவளுக்கு நெஞ்சு பல வருடங்களாகச் சரியில்லை. இளம்வயதில் மீன் பதப்படுத்தும் குளிரறையில் வேலை பார்த்தவள். மூச்சு விடும்போது உள்ளே எங்கோ மெல்லிசாக ஒரு விசில் கேட்கும். அந்த மூச்சோடுதான் எங்கள் அத்தனை பேருக்கும் தினமும் ஹாட்பாட் செய்தாள். ஆட்டுக்கறியும் வெங்காயமும் போட்டு, மேலே உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டி அடுக்கி, அடுப்புக்குள் மணிக்கணக்காக வைப்பது. சம்பளம் இல்லாத படத்தில் சூடான சோறாவது இருக்க வேண்டும் என்பது அவள் சட்டம். மிஞ்சியதை டப்பாவில் போட்டு உறைய வைப்பாள்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஃப்ரிட்ஜ் முனகும் சத்தம் பதிவில் விழும் என்பதால் படமெடுக்கும்போது அதை அணைத்துவிடுவார்கள். திரும்பப் போட மறந்துவிட்டால் வீட்டுக்காரர் அடிக்க வருவார். அதனால் ஒலிப்பதிவு செய்பவர் தன் கார் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவார். கிளம்பும்போது சாவி தேடித் திறந்துதானே ஆக வேண்டும். தன் சொந்த வீட்டில் எடுத்தபோதும் ரோலண்ட் அப்படியே செய்தான். ஏவ்ரில் அவனை நம்பவில்லை. தினமும் வேலை முடிந்ததும் மாடிப்படியிலிருந்து குரல் வரும்.

“ஃப்ரிட்ஜப் போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு காட்சி முடிந்ததும், பிறகு வெட்டி ஒட்டும்போது இடைவெளி தெரியாமலிருக்க, அந்த இடத்தின் மௌனத்தை அரை நிமிடம் பதிவு செய்வார்கள். ஒவ்வோர் அறையின் மௌனமும் வேறு. ரோலண்ட் கையைத் தூக்குவான். யாரும் அசையக் கூடாது. சமையலறைக் காட்சி அன்று நாங்கள் எல்லாரும் சிலையாக நின்றோம். ஏவ்ரில் படியடியில் தட்டோடு நின்றாள். பிறகு அந்த அரை நிமிடத்தைத்தான் அவன் காட்சி முழுவதும் அடியில் விரித்தான், கம்பளத்துக்கு அடியில் மெத்தை போடுவதுபோல.

அது பிப்ரவரி. அக்டோபரில் ஏவ்ரில் போய்விட்டாள். அவளைக் கொண்டுபோனதும் அதே சவ ஊர்திதான். தெருவில் நின்றவர்களில் பாதிப் பேர் இணைத் தயாரிப்பாளர்கள். 

அதன்பின் ரோலண்ட் குளிர்காலம் முழுக்கத் தனியாக உட்கார்ந்து படத்தைத் தொகுத்தான். சாப்பாடு மீன் கடையிலிருந்து வரும். தேநீரில் பால் விடுவதை நிறுத்திவிட்டான். ஃப்ரிட்ஜின் அடியில் இருந்த உறைபெட்டியில் ஏவ்ரில் உறைய வைத்த ஹாட்பாட் இரண்டு டப்பா இருந்தன. அவற்றைத் தொடவும் மாட்டான், தூக்கிப் போடவும் விட மாட்டான். வீடு படத்துக்காகக் காலி செய்தபடியே கிடந்தது. படம் முடியும்வரை இருக்கட்டும் என்று ஏவ்ரிலும் விட்டிருந்தாள்.

“பெட்டிய எல்லாம் கீழ எறக்கிடலாமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வேண்டாம். ஏதாவது ஒரு ஷாட் திரும்ப எடுக்க வேண்டி வந்தா வீடு பொருந்தாது.”

“யாருக்குடா பொருந்தணும்?”

அவன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான். தனியாக வாழும் ஒருவனுக்காக நாங்கள் போட்ட செட்டில் அவன் வாழ்ந்துகொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்தது. கோபம் வந்ததுபோல நடித்துவிட்டுக் கிளம்பினேன்.

படவிழாக்கள் ஒவ்வொன்றும் விண்ணப்பக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு கைவிரித்தன. கடைசியில் லண்டனில் ஒரு சின்ன விநியோக நிறுவனம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. இணையத்தில் போடுவார்கள், சில அரங்குகளில் ஒரு காட்சி ஓட்டுவார்கள். முதல் காட்சி பக்கத்து ஊர் பிளாக்பூலில், ஞாயிறு மத்தியானம், வேறு யாரும் கேட்காத நேரம். பெர்னார்ட் புது டை வாங்கினார். அதற்குள் அவர் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருந்தார்.

காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது ரோலண்ட் என் கடைக்கு வந்தான். அப்படி வருகிறவன் இல்லை. படத்தின் தரத்தைச் சோதிக்கும் இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“சமையலறைக் காட்சியில வேற யாரோ மூச்சு விடுறது கேக்குதாம். ஆள் இல்லாத வீட்டுல அது குறையாம். சரி பண்ணாத்தான் வெளியிடுவாங்களாம்.”

கடையைப் பூட்டிவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினான். பெர்னார்ட் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். பேச்சே இல்லை. அடியில் அந்த மெல்லிய விசில் வருகிறது, போகிறது. அது ஏவ்ரிலின் மூச்சு.

“ஹெட்ஃபோன் உன் காதுலதான இருந்துச்சு. அன்னிக்கே கேக்கலையா?”

“கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன் விட்ட?”

“எங்க வீடு அமைதியா இருந்தா இப்படித்தான் மாக்சின் இருக்கும். இத ஒரு ஆளோட மூச்சுன்னே நான் நெனைக்கல.”

  அந்தக் காட்சியை இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டுவிட்டுச் சொன்னேன்: “மாத்தாத. லண்டன்காரங்க எக்கேடோ கெட்டுப் போகட்டும். பதிவ எடுத்துத் தனியா வெச்சுக்கலாம்தான். ஆனா படத்துலேர்ந்து எடுக்காத.”

“அஞ்சு படத்துக்கும் சமைச்சா. எதுலயும் அவ மூஞ்சி வரல. நடின்னு நானும் கேக்கல. இதுல மட்டும்தான் இருக்கா.” மேசையைத் தடவிக்கொண்டே இருந்தான். “ஆனா பெர்னார்ட் டை வாங்கிட்டாரு.”

கணினியில் அந்த மூச்சை மட்டும் நீக்கிப் பார்த்தான்; பெர்னார்ட் தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பதுபோலச் சத்தம் மங்கிவிட்டது. அதே அறையின் மௌனத்தைப் புதிதாகப் பதிவு செய்வதுதான் வழி. துணைக்கு வருகிறேன் என்றேன்.

“வேண்டாம். நீயும் மூச்சு விடுவ.”

அடுத்த திங்கட்கிழமை காற்று நின்றது. எங்கள் ஊரில் அது லாட்டரி விழுகிற மாதிரி. நடந்ததைப் பிறகுதான் சொன்னான். கடிகாரத்தை வெளியே வைத்திருக்கிறான். ஃப்ரிட்ஜை அணைத்திருக்கிறான். கருவியை மேசையில் வைத்து உட்கார்ந்தால் தன் மூச்சே ஒழுங்காக வரவில்லை. அதனால் பதிவை ஓடவிட்டுவிட்டுப் பின்முற்றத்தில் குப்பைத் தொட்டிகள் பக்கத்தில் போய் நின்றிருக்கிறான். சொந்த வீடு காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக அவன் வெளியே நின்றான்.

வெள்ளிக்கிழமை நிறுவனத்திலிருந்து இமோஜென் என்ற பெண் கூப்பிட்டாள். கடற்கரையில் நான் அவன் பக்கத்தில்தான் இருந்தேன். குரல் வெளியே கேட்டது.

“தேறிடுச்சு ரோலண்ட். ஒரு குறை சொல்ல முடியல. அந்தச் சமையலறை இப்ப நெஜமாவே ஆளில்லாத வீடு மாதிரி இருக்குங்க.”

“ரொம்ப நன்றிம்மா” என்றான் ரோலண்ட். நல்ல பெண்தான் அவள். ஆனாலும் போனைப் பிடுங்கிக் கடலில் எறியலாம்போல எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் டிராமில் அரங்குக்கு வந்து இறங்கினான். “கார் எங்க?” என்றேன். “சாவிய எங்கயோ வெச்சுட்டேன். எங்கயும் போற வேலை இல்ல, அதான் தேடல” என்றான். இணைத் தயாரிப்பாளர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சவ ஊர்தி வந்தபோது கைதட்டினார்கள். பெர்னார்ட் தன் பெரிய முகத்தைப் பார்த்து, “எனக்கா இவ்வளவு பெரிய காது?” என்று சத்தமாகவே கேட்டார். சமையலறைக் காட்சி தொடங்கியதும் ரோலண்ட் எழுந்து வெளியே போய்விட்டான். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமே இல்லை. சுத்தமாக இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள்.

படம் முடிந்ததும் இயக்குநரை மேடையேற்றிக் கேள்வி கேட்கும் சடங்கு நடந்தது. ஒருவர் எழுந்து, “அந்தச் சமையலறை அமைதிய எப்படிங்க கொண்டுவந்தீங்க?” என்று கேட்டார்.

ரோலண்ட் ஒலிவாங்கியைக் கையில் வாங்கினான். “வீட்டக் காலி பண்ணிட்டேன்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

திரும்பும்போது நானும் அவனோடு டிராமில் போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு நாற்றம் அடித்தது. ஃப்ரிட்ஜின் அடியில் தரை ஈரமாக இருந்தது. கதவைத் திறந்தேன். விளக்கு எரியவில்லை. வெண்ணெய் வைக்கும் தட்டில் அவனுடைய கார் சாவி கிடந்தது. திங்கட்கிழமையிலிருந்து அங்கேயேதான் கிடந்திருக்கிறது. வெளியே போகிறவனுக்குத்தான் சாவி ஞாபகம் வரும்.

கீழே இருந்த உறைபெட்டியை இழுத்தேன். இரண்டு டப்பாவும் உருகி உப்பியிருந்தன.

“கெட்டுப்போச்சா?” என்றான் ரோலண்ட் பின்னாலிருந்து.

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் மூக்கு அவனுக்கும் இருக்கிறதே. “கெட்டுப்போச்சு” என்றேன்.

அவன் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். குனிந்து சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினான். ஃப்ரிட்ஜ் ஒருமுறை உதறிக்கொண்டு முனகத் தொடங்கியது. ரோலண்ட் நிமிர்ந்து மாடிப்படிப் பக்கம் திரும்பினான்.

“போட்டாச்சு” என்றான், யாரும் கேட்காமலே.